ஹாலோவீனுக்கு 25 பேர், 60 டாலர், ஒரு மைக்ரோவேவ்: என்ன செய்யலாம்?

லேப்எலி | அக்டோபர் 12, 2025, இரவு 10:42

இல்லினாய் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எம்.எஸ். முதல் செமஸ்டர். எங்கள் விடுதித் தளத்தில் 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஹாலோவீன் கூட்டம். போன வாரம் எலுமிச்சை சாதம் கிளறி நாலு பேருக்குக் கொடுத்தது வினையாகப் போயிற்று. ‘இவள் நன்றாகச் சமைப்பாள்’ என்று யாரோ கொளுத்திப் போட, சாப்பாட்டுப் பொறுப்பு மொத்தமும் என் தலையில்.

நிலவரம் இதுதான். வருகிறவர்கள் 25 பேர். கையில் 60 டாலர். தளத்துக்கு ஒரு மைக்ரோவேவ், ஒரு ஃபிரிட்ஜ். என்னிடம் ஒரு எலக்ட்ரிக் கெட்டில். ஓவன் கிடையாது. ஹாட் பிளேட், மெழுகுவத்தி எல்லாம் விடுதியில் தடை. பாதிப் பேர் சைவம், இரண்டு பேர் ஹலால் மட்டும், ஒருத்தருக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. 21 வயது ஆகாதவர்களும் இருப்பதால் மது பற்றிப் பேச்சே இல்லை.

இணையத்தில் தேடினால் மூன்றடுக்குக் கேக்கில் சிலந்தி வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு 29ஆம் தேதி மிட்டெர்ம். எளிதாக ஏதாவது சொல்லுங்கள்.

சாம்பார்வாளி | அக்டோபர் 12, இரவு 11:30

நான் நாலு ஹாலோவீனுக்குச் சமைத்துப் பார்த்தவன். முதல் வருடம் ஏழு அயிட்டம் போட்டேன். ஏழிலும் கண், பல், ரத்தம். ராத்திரி பத்து மணிக்கு எல்லாரும் எழுந்து பீட்சா வாங்கப் போய்விட்டார்கள். மேசையில் இருக்கிற எல்லாமே நம்மை முறைத்துப் பார்த்தால் எதில்தான் கை வைப்பது? அதிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது: பயமுறுத்த ஒன்று, குடிக்க ஒன்று, மற்றதெல்லாம் வழக்கம்போல வயிற்றுக்கு.

உங்களிடம் மைக்ரோவேவ் மட்டும்தான் என்றால் பயமுறுத்தும் அயிட்டத்துக்கு மண் கப்பை விட்டால் வேறு கதி இல்லை, அதாவது கப்பில் புட்டிங், மேலே மண் மாதிரி பிஸ்கட் தூள். அடுப்பே வேண்டாம். இன்ஸ்டன்ட் சாக்லேட் புட்டிங் பெட்டி, 3.9 அவுன்ஸ் அளவு, நாலு வாங்குங்கள். ஒரு பெட்டிக்கு 2 கப் குளிர்ந்த பால். நாலுக்கும் சேர்த்து 8 கப், அதாவது அரை கேலன் பால் புட்டி ஒன்று சரியாகத் தீர்ந்துவிடும். இரண்டு நிமிடம் அடித்து ஐந்து நிமிடம் விட்டால் இறுகிவிடும். சின்னப் பிளாஸ்டிக் கப்பில் மூன்றில் ஒரு கப் அளவு ஊற்றினால் 24 வரும், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் 25. மேலே ஓரியோவைப் பையில் போட்டு நொறுக்கித் தூவுங்கள். கறுப்பு மண் தயார்.

ஒரு எச்சரிக்கை: ‘இன்ஸ்டன்ட்’ என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். ‘குக் அண்ட் சர்வ்’ என்று பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள், அதைக் காய்ச்ச வேண்டும். அப்புறம், சோயா பால், பாதாம் பால் ஊற்றினால் அது சரியாக இறுகாது. வீகன் யாராவது இருந்தால் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணில் சொருக ஜெல்லிப் புழு.

ஒஹாயோ ஒண்டிக்கட்டை | அக்டோபர் 13, காலை 7:15

வாளி, கடைசி வரியில் கோட்டை விட்டுவிட்டீர்களே! ஜெல்லிப் புழுவில் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டுத் தோலிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுப்பது. சைவத்துக்கும் ஆகாது, ஹலாலுக்கும் ஆகாது. மார்ஷ்மெல்லோவும் அப்படித்தான். ஹாலோவீன் என்றதும் எல்லார் மேசையிலும் வந்து உட்காரும் மூன்று நிறக் கேண்டி கார்னிலும் பெரும்பாலும் அதே கதை.

இங்கே வந்த முதல் வருடம் மூன்று மாதம் மார்ஷ்மெல்லோ தின்ற பிறகுதான் பையைத் திருப்பிப் படித்தேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

புழுவுக்குப் பதில் சவர் பேட்ச் கிட்ஸ் வாங்குங்கள். இங்கே விற்பதில் ஜெலட்டின் இல்லை, மாவுச்சத்துதான். குட்டி மனித உருவம் என்பதால் இடுப்பளவு மண்ணில் புதைத்து வைத்தால் செத்தவன் எழுந்து வருகிற மாதிரியே இருக்கும். புழுவைவிட இதுதான் பொருத்தம். இருந்தாலும் பையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சாம்பார்வாளி | அக்டோபர் 13, காலை 8:02

ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிராயச்சித்தமாக ஒன்று சொல்கிறேன். கல்லறைக் கல்லுக்கு இங்கே நீளமான பிஸ்கட் ஒன்று வைப்பார்கள், விலை அதிகம். இந்தியக் கடையில் பார்லே-ஜி வாங்குங்கள். முதுகுப்பக்கம் திருப்பி, கறுப்பு ஐசிங் பேனாவால் எழுதி, பாதியை மண்ணில் சொருகுங்கள். நாங்கள் ஒரு வருடம் அந்த செமஸ்டரில் செத்துப்போனவற்றின் பெயரை எழுதினோம்: ‘ஜிபிஏ’, ‘தூக்கம்’, ‘இன்டர்ன்ஷிப்’, ‘என் சைக்கிள்’. யாருக்கு எந்தக் கல்லறை என்பதில் ஒரு சண்டையே நடந்தது.

புட்டிங் ஈரத்தில் பிஸ்கட் ஊறிக் கவிழ்ந்துவிடும். ஆள் வருவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் சொருகினால் போதும்.

நாட்டாமை நியூஜெர்சி | அக்டோபர் 13, மதியம் 12:20

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். 20ஆம் தேதி தீபாவளி. அதற்கு அதிரசம் எப்படிச் சுடுவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பேய்க்குப் படையல் போட மட்டும் இத்தனை ஆராய்ச்சியா? நமக்கு எதற்கு இந்தக் கண்றாவியெல்லாம்?

ஒஹாயோ ஒண்டிக்கட்டை | அக்டோபர் 13, மதியம் 12:41

புது வீடு கட்டும்போது பூசணிக்காயில் மீசையும் கோரைப்பல்லும் வரைந்து வாசலில் தொங்கவிடுவது யார் ஐயா? மாசி மாதம் மயானக் கொள்ளையில் காளி வேடம் கட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போய் தானியத்தை வாரி இறைப்பது யார்? போன வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், 31ஆம் தேதியே வந்தன. என் வீட்டு வாசலில் ராட்சசன் வேடத்தில் வந்த பிள்ளைகளுக்கு ரவா லட்டு கொடுத்தேன். ஒரு குட்டி டிராகுலா திரும்பி வந்து இன்னொன்று கேட்டான்.

நாட்டாமை நியூஜெர்சி | அக்டோபர் 13, மதியம் 12:55

திருஷ்டிப் பூசணி வேறு, இது வேறு. சரி, நடத்துங்கள்.

லேப்எலி | அக்டோபர் 14, இரவு 9:10

மண் கப் முடிவாகிவிட்டது! கல்லறைக்கு என்ன எழுதுவது என்று இப்போதே மூன்று பேர் பட்டியல் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு சந்தேகம். விடுதி வாசலில் அலங்காரத்துக்கு ஐந்து பெரிய பூசணி வாங்கி வைத்திருக்கிறார்கள். குடைந்தால் உள்ளே வருகிற சதையை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? வீணாகப் போகிறதே என்று இருக்கிறது.

அரைப்படி | அக்டோபர் 14, இரவு 9:48

அது பூசணி இல்லை, பரங்கிக்காய்.

கோவை குசும்பன் | அக்டோபர் 14, இரவு 9:50

அரசாணிக்காய்.

ஸ்கார்பரோ அக்கா | அக்டோபர் 14, இரவு 10:05

எங்கட ஊரில் அது பூசணிக்காய்தான். நீங்கள் பூசணி என்று சொல்லுறது நீத்துப்பூசணி. சண்டையை விட்டிட்டு அந்தப் பிள்ளைக்குப் பதிலைச் சொல்லுங்கோ.

அரைப்படி | அக்டோபர் 14, இரவு 10:31

சொல்கிறேன் அக்கா. முகம் வெட்ட வைக்கும் காய் உருவத்துக்காக வளர்த்தது. ஓடு மெல்லிசு, சதை நார், தண்ணீர் அதிகம், இனிப்பு இல்லை. கூட்டு வைத்தால் வைக்கோலை வேக வைத்த மாதிரி இருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். முகம் வெட்டி நாலு நாள் வாசலில் இருந்ததைச் சமைக்கவே கூடாது.

விதையை மட்டும் விடாதீர்கள். வெட்டிய அன்றே எடுத்து, நாரைக் கழுவி, துணியில் துடைத்து, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகைப் பெருங்காயம் போட்டுப் பிசறுங்கள். ஓவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், தட்டில் பரப்பி மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்துக் கிளறி, மறுபடி வைத்து, மொறுமொறுவென ஆகும்வரை இப்படியே செய்யுங்கள்.

சதை வேண்டுமானால் டின்தான். நீங்கள் இருப்பதே பூசணி நாடு. அமெரிக்காவில் டின்னுக்குப் போகும் பூசணி பெரும்பாலும் இல்லினாயில் விளைவதுதான். அங்கே மார்ட்டன் என்ற ஊர் ‘உலகப் பூசணித் தலைநகர்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்த டிக்கின்சன் ரகம் ஆரஞ்சு நிறம்கூட இல்லை, வெளியே மங்கிய சந்தன நிறம். நம் ஊர்ப் பரங்கிக்காய்க்கு நெருங்கிய சொந்தம் அதுதான்.

டின் வாங்கும்போது கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கும். ஒன்று வெறும் பூசணி விழுது. இன்னொன்று ‘பை ஃபில்லிங்’, சர்க்கரையும் பட்டை கிராம்பும் ஏற்கெனவே கலந்தது. நான் இரண்டாவதைத் தூக்கி வந்து புளிக்கறி வைத்தேன். புளி, மிளகாய், வெல்லம், ஜாதிக்காய் எல்லாம் ஒரே வாயில். ரூம்மேட் நாகரிகம் தெரிந்தவன், ‘வித்தியாசமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுத் தயிர் கேட்டான்.

15 அவுன்ஸ் விழுது டின் ஒன்று, கண்டென்ஸ்டு மில்க் அரை டின், நெய் இரண்டு கரண்டி. பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு மைக்ரோவேவில் இரண்டிரண்டு நிமிடமாக வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் அல்வா மாதிரி திரண்டு வரும். ஏலக்காய் போதும். மூடி போடாவிட்டால் மைக்ரோவேவ் உள்சுவர் முழுக்க ஆரஞ்சாகிவிடும்.

பாஸ்டன் பாண்டி | அக்டோபர் 15, காலை 6:50

குடிப்பதற்கு ட்ரை ஐஸ் போடுங்க. பஞ்ச் பாத்திரத்தில் நாலு கட்டி போட்டால் புகை தரையில் தவழும். படம் எடுத்தால் பிரமாதமாக இருக்கும். கடையில் ரொம்ப மலிவு.

மருந்துச்சீட்டு | அக்டோபர் 15, காலை 7:35

பாண்டி, கொஞ்சம் பொறுங்கள். ட்ரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். தெரியாமல் ஒரு துண்டு டம்ளரில் விழுந்து யாராவது விழுங்கினால் தொண்டையும் வயிறும் வெந்துபோகும். 25 பேர் இருட்டில் மொண்டு மொண்டு குடிக்கும் இடத்தில் அந்தப் பந்தயம் வேண்டாம்.

புகைதான் வேண்டும் என்றால் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதில் கட்டியைப் போடுங்கள். அதற்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து, பானத்தை அதில் ஊற்றுங்கள். புகை வெளிப் பாத்திரத்திலிருந்து வரும், குடிப்பது உள்ளே பத்திரமாக இருக்கும். வெறும் கையால் தொடக் கூடாது, இடுக்கியும் தடித்த கையுறையும் வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு கிலோ கட்டி 500 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும், விடுதி அறை எவ்வளவு பெரிதாக இருந்துவிடப் போகிறது? மூடி போட்ட புட்டியில் அடைத்தால் வெடிக்கும்.

இன்னொன்று, கறுப்பு நிறத்துக்கு ஆக்டிவேட்டட் சார்கோல் போடச் சொல்லிப் பல வீடியோக்கள் சுற்றுகின்றன. அது வயிற்றில் மாத்திரையையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். கருத்தடை மாத்திரை உட்பட. ஓரியோத் தூளே போதுமான கறுப்பு.

பாஸ்டன் பாண்டி | அக்டோபர் 15, காலை 7:52

நான் இரண்டு வருடமாக நேரடியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வேளை.

ஸ்கார்பரோ அக்கா | அக்டோபர் 16, மாலை 6:20

தங்கச்சி, புகை இல்லாமலே பயமாக்கலாம். ஒன்று, ஐஸ் கை. பவுடர் இல்லாத கையுறையை உள்ளேயும் வெளியேயும் வடிவாகக் கழுவி, குருதிநெல்லி (கிரான்பெரி) ஜூஸ் விட்டு, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, தட்டில் படுக்க வைத்து முழுநாள் உறைய விடுங்கோ. எடுக்கேக்க இழுக்கக் கூடாது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் உரிக்கவேணும். இழுத்தால் விரல் முறிஞ்சிடும்.

இரண்டாவது, கண். டின் லிச்சியை வடிச்சு, நடுக்குழிக்குள்ள கொஞ்சம் ஸ்ட்ராபெரி ஜாம் விட்டு, ஒரு புளூபெரியைச் செருகுங்கோ. என்ர மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஒரு பிள்ளையை அழவைச்சிட்டு வந்தவள்.

ஆருக்காவது ஓவன் உள்ள வீடு இருந்தால் மம்மி செய்யலாம். கடையில் உருளை டப்பாவில் கிரெசன்ட் ரோல் மா விக்குது. பனீரை விரல் மாதிரி வெட்டி, மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி, மாவை மெல்லிய நாடாவாக வெட்டிச் சுத்துங்கோ. கண்ணுக்கு இடம் விடவேணும். 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 12 நிமிஷம் மட்டில். ஒழுங்காகச் சுத்தாதீங்கோ, தாறுமாறாகச் சுத்தினால்தான் மம்மி.

டப்ளின் தமிழச்சி | அக்டோபர் 17, காலை 5:05

இந்த விழா கிளம்பிய அயர்லாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே பழைய காலத்தில் முகம் வெட்டியது பூசணியில் இல்லை, டர்னிப் கிழங்கில். பழைய டர்னிப் முகம் ஒன்றின் வார்ப்பை இங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் பூசணியெல்லாம் குழந்தை முகம் என்று தோன்றும், அவ்வளவு கோரம்.

சாப்பாட்டில் இங்கே பயமுறுத்தல் கிடையாது, குறி பார்த்தல்தான். பார்ம்பிராக் என்று உலர்திராட்சை போட்ட ஒரு ரொட்டி. அதற்குள் மோதிரம், காசு, கந்தல் துணி என்று ஒளித்துச் சுடுவார்கள். மோதிரம் வந்தவருக்கு வருடத்துக்குள் கல்யாணம், காசு வந்தால் பணம், கந்தல் வந்தால் தரித்திரம். இன்றைக்கும் கடையில் வாங்கும் ரொட்டியில் மோதிரம் இருக்கிறது. போன வருடம் எனக்கு வந்தது. கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மண் கப்புகளில் ஒன்றில் மட்டும் அடியில் ஒரு சிவப்பு மிட்டாயை ஒளித்து வையுங்கள். அது வருகிறவர் பாத்திரம் கழுவ வேண்டும். உலோகம் எதுவும் வேண்டாம், பல் போய்விடும்.

மதுரைக்காரன் கன்சாஸ் | அக்டோபர் 17, இரவு 8:44

குடிக்கிறதுக்கு எல்லாரும் சிவப்பு ஜூஸ், சிவப்பு ஜூஸ் என்கிறீர்கள். தவளை முட்டை போடுங்க!

சப்ஜா விதைதான். நாலு மேசைக்கரண்டி விதையை நிறையத் தண்ணீரில் 15, 20 நிமிடம் ஊற வைத்தால் ஒவ்வொன்றைச் சுற்றியும் வழவழவென்று கண்ணாடி உருண்டை கட்டிக்கொள்ளும், நடுவில் கறுப்புப் புள்ளி. உயிரியல் லேபில் பார்த்த தவளை முட்டை அதே அச்சு. நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும் சேர்த்துக் குளிர்ந்த சோடா ஊற்றுங்கள். நிறம் சாட்சாத் ஊர்க்குளத்துத் தண்ணீர். இதில் விதையை விட்டால் மேலேயும் கீழேயும் மிதந்து திரியும். குடித்தால் தல்லாகுளம் வெயிலுக்குத் தெருமுனையில் குடித்த அதே ருசி.

விதை முழுக்க ஊறியிருக்க வேண்டும், காய்ந்ததாகப் போட்டால் தொண்டையில் ஒட்டும். ஒரு பாட்டில் நன்னாரி 25 பேருக்குத் தாராளம்.

லேப்எலி | அக்டோபர் 17, இரவு 9:02

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. இதுதான். ஐஸ் கையையும் இந்தக் குளத்திலேயே மிதக்க விடுகிறேன்.

சூடாகவும் ஒன்று வேண்டும். இங்கே இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஆப்பிள் சைடர் என்று கேலன் கேலனாக விற்கிறார்கள், அது சாராயமா?

சாம்பார்வாளி | அக்டோபர் 17, இரவு 9:40

இல்லை. இந்த நாட்டில் சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் ஜூஸ். போதை உள்ளதற்கு ‘ஹார்ட் சைடர்’ என்று பெயர். இங்கிலாந்தில்தான் சைடர் என்றாலே போதை. பாஸ்டரைஸ் செய்ததா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், தோட்டத்தில் நேரடியாக விற்பதில் சில சமயம் செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு கேலனுக்குப் பட்டை நாலு துண்டு, கிராம்பு எட்டு, ஒரு விரல் இஞ்சி. கண்ணாடி ஜாடியில் ஊற்றி மைக்ரோவேவில் சுட வைத்து, மூடி அரை மணி நேரம் விடுங்கள். கிராம்பு கூடினால் பல்வலிக்குப் போட்ட மாதிரி நாக்கு மரத்துவிடும். பட்டை கிராம்பு இந்தியக் கடையிலேயே வாங்குங்கள். சூப்பர்மார்க்கெட்டில் அதையே ‘பம்ப்கின் ஸ்பைஸ்’ என்று சின்னக் குப்பியில் அடைத்து விலையை ஏற்றிவிடுவார்கள். 2003இல் ஸ்டார்பக்ஸ் அந்த லாட்டேயைக் கொண்டு வந்தபின் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. உள்ளே இருப்பது பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு. நம் பாட்டி அஞ்சறைப் பெட்டி.

மருந்துச்சீட்டு | அக்டோபர் 18, காலை 8:10

யாராவது கேரமல் ஆப்பிள் குச்சியோடு வாங்கி வந்தால் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். 2014 கடைசியில் அதனால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 35 பேர் நோயில் விழுந்தார்கள். குச்சி குத்திய இடத்தில் ஆப்பிள் சாறு கசிந்து கேரமலுக்கு அடியில் தேங்கும், கிருமிக்கு அது போதும். புட்டிங் கப்பும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

வேர்க்கடலை ஆகாதவருக்குத் தனி மேசை, தனி கரண்டி. இங்கே பச்சை கலந்த நீல நிறத்தில் ஒரு பூசணி வைத்தால் ‘ஒவ்வாமைக்காரருக்கும் இங்கே ஏதாவது உண்டு’ என்று அர்த்தம். 2014இலிருந்து நாடு முழுக்க அந்த வழக்கம் பரவிவிட்டது. சின்ன ஒன்றுக்கு வண்ணம் அடித்து வையுங்கள்.

நாட்டாமை நியூஜெர்சி | அக்டோபர் 28, இரவு 10:15

அந்த சவர் பேட்ச் கிட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்? பையன் வகுப்புக்கு 22 மண் கப் வேண்டுமாம். வீட்டில் பார்லே-ஜி இருக்கிறது.

கோவை குசும்பன் | அக்டோபர் 28, இரவு 10:16

வாங்க நாட்டாமை, வாங்க.

லேப்எலி | நவம்பர் 2, மதியம் 1:30

நேற்று முழுக்கத் தூங்கிவிட்டேன், அதுதான் தாமதம். செலவு 57 டாலர் சொச்சம்.

மண் கப் 25உம் இருபது நிமிடத்தில் காலி. அதிகம் சண்டை வந்தது ‘பேராசிரியரின் மின்னஞ்சல் பதில்’ என்ற கல்லறைக்கு. தவளை முட்டைக் குளத்தைச் சுற்றி முதலில் ஒருவரும் வரவில்லை. பக்கத்து அறைக் கொரியப் பெண் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இரண்டாவதற்கு வரிசையில் நின்றாள். அதன் பிறகுதான் கூட்டம். நன்னாரி எந்த வேர் என்று ஒரு தாவரவியல் மாணவன் என்னைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடவில்லை.

ஐஸ் கை சொதப்பல். அக்கா சொன்னதையும் மீறி அவசரத்தில் இழுத்தேன், சுண்டுவிரலும் மோதிர விரலும் கையுறையோடு வந்துவிட்டன. மூன்று விரலோடு மிதக்க விட்டோம். அதுதான் பயமாக இருந்தது என்றார்கள். பூசணி அல்வா பாதிக்கு மேல் மிஞ்சியது, அது என் தப்பு, நெய்யைக் குறைத்துவிட்டேன். மம்மியும் ட்ரை ஐஸும் செய்யவில்லை, மிட்டெர்ம் என்னைச் செய்துவிட்டது. சாதாரண அயிட்டமாக வைத்த எலுமிச்சை சாதம்தான் முதலில் தீர்ந்தது.

பதினொரு மணிக்கு நெருப்பு அலாரம் அடித்து எல்லாரும் வேடத்தோடு வாசலில் குளிரில் நின்றோம். நான் இல்லை, யாரோ பாப்கார்னைக் கருக்கிவிட்டார்கள்.

சிவப்பு மிட்டாய் யாருக்கு வந்தது என்பது மட்டும் தெரியவில்லை. கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் நான்தான் கழுவினேன்.

டப்ளின் தமிழச்சி | நவம்பர் 2, மாலை 3:12

விழுங்கியிருப்பார்கள். அடுத்த வருடம் பெரிய மிட்டாயாக வையுங்கள்.

ஸ்கார்பரோ அக்கா | நவம்பர் 2, மாலை 4:40

இழுக்கக் கூடாது எண்டு சொன்னனான். கடைகளில் ஹாலோவீன் மிட்டாய் பாதி விலைக்குப் போட்டிருப்பினம், கெதியாகப் போய் வாங்கி வையுங்கோ தங்கச்சி.